பல்லாவரம் சந்தையில் பொமரேனியன்: ஒரு சடை நாயின் புறநகர் வரலாறு

தென்சென்னைப் புறநகர்க் கதைகளில் இன்றைக்கு ஒரு வெள்ளை நாய். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, நங்கநல்லூர் பக்கம் வளர்ந்தவர்களுக்குப் பெயரைச் சொன்னாலே போதும். கேட்டில் ‘நாய்கள் ஜாக்கிரதை’ என்று தகரப் போர்டு தொங்கும். உள்ளே வராந்தாவில் புசுபுசுன்னு ஒரு பொமரேனியன் கத்திக்கிட்டிருக்கும். போர்டைப் பார்த்துப் பயந்தவர் நாயைப் பார்த்ததும் சிரிச்சிடுவார். எங்கள் தெருவில் மட்டும் ஏழெட்டு இருந்தன. பாதிக்கு மேல் ஜூலி, மீதி டாமி.

நான் பேசப் போவது அந்த நாயின் முடியைப் பற்றி. முடிக்கு என்னப்பா வரலாறுன்னு கேட்கலாம். குரோம்பேட்டை என்கிற பெயரே தோல் பதனிட்ட குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து முடியை எடுப்பது பல்லாவரம், பம்மல், நாகல்கேணி பக்கம் பல குடும்பங்களுக்குப் பிழைப்பாக இருந்தது. அதே ஊரில்தான் இன்னொரு பக்கம் நாய் முடியைச் சீவிச் சீவி வளர்த்தார்கள். அதனால் முடிக்கு இங்கே வரலாறு உண்டு.

முதலில் ஒரு விஷயம். நம் மண்ணின் நாய்கள் எதுவும் சடை நாய் இல்லை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, நாலுக்குமே உடம்போடு ஒட்டிய குட்டை முடிதான். இந்த வெயிலுக்கு அதுதான் சரி. 1980-களின் தொடக்கத்தில் சைதாப்பேட்டையில் அரசு நாய் இனப்பெருக்கப் பிரிவு தொடங்கியதே இந்த நாட்டு இனங்களைக் காப்பாற்றத்தான். வேடிக்கை என்னவென்றால், அதே வருஷங்களில் அங்கிருந்து ரயிலில் அரை மணி நேரத் தூரத்தில் இருந்த தாம்பரத்துக்காரர்கள் ராஜபாளையத்தைக் கேட்கவில்லை, வெள்ளைப் பஞ்சு மூட்டையைத்தான் கேட்டார்கள்.

அந்தப் பஞ்சு மூட்டையின் பெயர் பால்டிக் கடலோரத்தில் இருக்கிற பொமரேனியா என்கிற பகுதியிலிருந்து வந்தது. இன்றைக்கு அது ஜெர்மனிக்கும் போலந்துக்கும் பங்கு. ஸ்பிட்ஸ் குடும்பத்து நாய்கள். உள்ளே கம்பளி மாதிரி அடர்ந்த ஒரு அடுக்கு, அதற்கு மேலே நீளமாக, விறைப்பாக நிற்கும் இன்னொரு அடுக்கு. பனிக்காக உண்டான இரட்டைப் போர்வை. 1888-இல் விக்டோரியா மகாராணி இத்தாலியின் ஃபிளாரன்ஸிலிருந்து மார்க்கோ என்கிற பொமரேனியனைக் கொண்டுபோனார். அவருக்குச் சின்ன உருவங்களே பிடித்திருந்தன. சீமையில் அந்த இனம் வருஷத்துக்கு வருஷம் சுருங்கிக்கொண்டே போனது. 1901-இல் அவர் சாகும்போது கட்டிலில் கூட இருந்ததும் டூரி என்கிற ஒரு பொமரேனியன்தான்.

இந்தியாவுக்கு பிரிட்டிஷ்காரர்களோடு வந்தது இவ்வளவு சுருங்காத பழைய ஸ்பிட்ஸ் வகை. இங்கேயே தலைமுறை தலைமுறையாகக் குட்டி போட்டு வேறொரு இனமாகிவிட்டது. இந்தியன் ஸ்பிட்ஸ் என்பதுதான் அதற்குச் சரியான பெயர். ஆனால் நான் சின்ன வயதில் அந்தப் பெயரை ஒருவர் வாயிலிருந்தும் கேட்டதில்லை. நமக்கு அது பொமரேனியன்தான். ஜெர்மன் உறவுக்காரர்களை விட இதற்கு உள்முடி அடர்த்தி குறைவு. நம் வெயிலில் தாக்குப்பிடித்தவைதானே குட்டி போடும்? மனிதர் திட்டமிட்டதை விட வெயில் திட்டமிட்டது அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

தாம்பரத்துக்கு ஏன் இவ்வளவு வந்தது? 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. 1937-இல் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டு இங்கே வந்தது. ரயில்வே, விமானப்படை, பிறகு பேங்க், டெலிபோன்ஸ், ஆசிரியர்கள். அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டில் தனி வீடு, சுற்றிலும் காம்பவுண்டு, பக்கத்து மனை காலி, தெருவிளக்கு பாதி எரியாது. காவலுக்கு நாய் வேண்டும், ஆனால் கறி வாங்கிப் போட வீட்டில் ஒத்துக்க மாட்டாங்க. பொமரேனியன் தயிர்சாதம் சாப்பிடும். வெளிநாட்டு நாய்களை இறக்குமதி செய்வது அப்போது லேசில் நடக்காது. ‘பார்க்க சீமை நாய், வளர்க்க நம்ம வீட்டுப் பிள்ளை’ என்றால் இது ஒன்றுதான் கைக்கெட்டியது. 1994-இல் ‘ஹம் ஆப்கே ஹைன் கோன்’ படத்தில் டஃபி என்று ஒரு வெள்ளை நாய் வந்ததே, அதுவும் இந்த இனம்தான். அதற்கப்புறம் கேட்கவே வேண்டாம்.

குட்டி வாங்க இந்தப் பக்கத்து ஆட்களுக்கு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தை இருந்தது. பழைய இரும்பு, பூச்செடி, புறா, முயல், நடுவில் கூடையில் நாய்க்குட்டிகள். இங்கேதான் முடி விஷயம் பெரிய விவகாரமாகிறது.

ஸ்பிட்ஸ் குட்டி பிறக்கும்போது முடி குட்டையாக, வழவழன்னு இருக்கும். ஆறு, எட்டு வாரத்தில் பஞ்சு மாதிரி ஊதிக்கொள்ளும். விற்கிற நேரம் அதுதான். அந்த வயதில் கலப்புக் குட்டியும் ஓரளவு பஞ்சாகத்தான் தெரியும். நாலாவது மாதம் வாக்கில் குட்டிப்பஞ்சு உதிர ஆரம்பிக்கும். முதலில் முகம், பிறகு முதுகு. காது மட்டும் பெரிசாகத் தெரியும், கால் குச்சி குச்சியாக, வால் எலிவால். பார்க்க நரிக்குட்டி மாதிரி இருக்கும். நல்ல இனக் குட்டிக்கும் இது வரும். வந்தே ஆகும். பத்து மாதத்துக்குள் புது முடி ஏறும். கழுத்தைச் சுற்றிப் பிடரி, தொடையில் பாவாடை மாதிரி தொங்கல், முதுகில் விசிறி போல விழும் வால், இதெல்லாம் சேர்ந்து முழுசாக நிற்க இரண்டு வருஷம், சிலதுக்கு மூன்று வருஷம் ஆகும்.

இது வாங்கியவர்களுக்குத் தெரியாது. ‘ஏமாத்திட்டாங்க, இது தெருநாய்’ என்று முடிவு கட்டிவிடுவார்கள். எங்கள் தெருக்கோடி ஏரிக்கரையில் அரைகுறை முடியோடு விடப்பட்ட அஞ்சு மாதக் குட்டிகளை நானே பார்த்திருக்கிறேன். இன்னும் நாலு மாதம் பொறுத்திருந்தால் அவர்கள் கேட்ட நாயே வந்திருக்கும். பெட்டை நாய் குட்டி போட்டதும் இதே கதை நடக்கும். சில வாரத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். பிரசவமான பெண்களுக்குத் தலைமுடி கொட்டுவதைப் பார்த்த பாட்டிமார் இருந்த வீட்டில் பயப்படவில்லை, மற்ற வீட்டில் சொறி என்று ஒதுக்கினார்கள்.

அடுத்தது வருஷம் முழுக்க முடி கொட்டுகிற பிரச்சினை. சோபாவில் முடி, சாதத்தில் முடி. இதற்குக் காரணம் சூரியன். இரட்டை அடுக்கு முடி உள்ள நாய்க்குப் பகல் நீளம்தான் காலண்டர். பொமரேனியாவில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் சுமார் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். ‘கழற்று’, ‘போர்த்து’ என்று உடம்புக்குத் தெளிவாக உத்தரவு போகும். வருஷத்துக்கு இரண்டு தடவை மொத்தமாக உதிர்த்துவிடும். சென்னையில் அந்த வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். உத்தரவே சரியாகக் கேட்காத நாய் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்க்கிறது.

இதற்கு வீட்டுக்காரர்கள் கண்டுபிடித்த வைத்தியம் மொட்டை. கத்திரி வெயில் ஆரம்பித்ததும் ‘பாவம், எவ்வளவு சூடா இருக்கும்’ என்று கத்தரிக்கோலை எடுப்பார்கள். மனசு நல்லதுதான். ஆனால் நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வேர்க்கும், மற்றபடி மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். மேல்முடி வெயிலைத் தடுக்கிற குடை. வெள்ளை நாயின் தோல் இளஞ்சிவப்பு, மொட்டை போட்டால் நேராகச் சுடும். இன்னொன்று, பூடில் மாதிரி நாய்களுக்கு முடி விடாமல் வளர்ந்துகொண்டே இருக்கும். ஸ்பிட்ஸுக்கு ஒரு அளவு வந்ததும் நின்று நீண்ட நாள் ஓய்வில் இருக்கும். ஓய்வில் இருக்கிற முடியை ஒட்ட வெட்டினால் திரும்ப வர ஆறு மாதம், ஒரு வருஷம், சில நாய்க்கு அதற்கும் மேல் ஆகும். வந்தாலும் உள்முடி முந்திக்கொண்டு திட்டுத்திட்டாக வரும். அப்புறம் அந்த நாயைப் பார்த்து ‘வயசாயிடுச்சு’ என்பார்கள்.

செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன வேலை. உதிர்ந்து உள்ளேயே சிக்கியிருக்கிற கம்பளி முடியைச் சீவி எடுத்துவிட வேண்டும். காற்று தோல் வரைக்கும் போகும். இதைச் சரியாகச் செய்தவர்கள் யாரென்று யோசித்தால், மத்தியானம் வாசல் படியில் உட்கார்ந்து பெண் பிள்ளைக்கும் நாய்க்கும் மாறி மாறித் தலை வாரிய அம்மாக்கள்தான். அவர்களிடம் இருந்தது பேன்சீப்பு. அது தற்செயலாகச் சரியான கருவி, ஏன்னா இங்கே முடியை விடப் பெரிய எதிரி உண்ணி. அடர்ந்த முடிக்குள் உண்ணி இருப்பது கண்ணுக்குத் தெரியாது. காது மடலுக்குப் பின்னால், கழுத்துக்குக் கீழே, விரல் இடுக்கில் கையால் தடவித்தான் தேடணும். உண்ணிக் காய்ச்சலில், அதாவது எர்லிக்கியா கிருமியில், ரத்தத் தட்டணுக்கள் குறைந்து மூக்கில் ரத்தம் வடிந்து போன சடை நாய்கள் இந்தப் பகுதியில் நிறைய. நான் எடுத்து வளர்த்த ஒரு நாயும் அப்படித்தான் போச்சு. வடகிழக்குப் பருவமழை இன்னொரு கஷ்டம். நனைந்த உள்முடி நாள் கணக்கில் காயாமல் தோல் புண்ணாகும். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மொட்டை மாடியில் மாட்டிக்கொண்ட வீட்டு நாய்களுக்கு வெள்ளம் வடிந்த பிறகும் தோல் பாடு தீரவில்லை.

அதற்குள் பொமரேனியன் காலமே முடிந்திருந்தது. 2003-இல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு பக் நாய் சிறுவன் பின்னாலேயே நடந்தது. அதோடு ஆசை மாறியது. பிறகு ஷிட்சூ, கோல்டன் ரெட்ரீவர், ஹஸ்கி. தனி வீடுகளும் இடிந்து ஃபிளாட் ஆயின.

2024-இல் தமிழக அரசு ஒரு நாய் இனப்பெருக்கக் கொள்கை வெளியிட்டது. நம் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராது என்று 11 வெளிநாட்டு இனங்களின் இனப்பெருக்கத்துக்கு அது தடை விதித்தது. ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், சௌ சௌ எல்லாம் அதில் இருந்தன. நாய் வளர்ப்போர் தரப்பில் எதிர்ப்பும் கிளம்பியது. அந்தப் பட்டியலில் கீஸ்ஹாண்ட் என்று ஒரு பெயரும் இருந்தது. அது வேறு யாருமில்லை, ஜெர்மன் ஸ்பிட்ஸ் குடும்பத்தில் பொமரேனியனுக்கு அண்ணன் முறை. அண்ணனுக்குத் தடை விதித்தார்கள். தம்பி பட்டியலில் இருக்கவில்லை. நூறு வருஷத்துக்கு மேல் நம் வெயிலில் முடியைக் கொட்டிக் கொட்டி இந்தியன் ஸ்பிட்ஸ் தனக்கென ஒரு குடியுரிமை வாங்கிவிட்டது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அதை வளர்க்கத்தான் ஆளில்லை. இப்போது சேலையூர்ப் பக்கம் ஒரு சுத்தமான ஸ்பிட்ஸ் குட்டி தேடினால் கிடைப்பது கஷ்டம்.

உங்கள் வீட்டு ஆல்பத்தில் பழைய பொமரேனியன் படம் இருந்தால் அனுப்புங்கள். எடுத்த மாதத்தையும் நாயின் வயதையும் எழுதுங்கள், எந்த முடி எந்தப் பருவம் என்று பார்க்க வசதியாக இருக்கும். அடுத்த எபிசோடில் பம்மல் தோல் ஆலைகள்.