ஓரத்து எழுத்து

நாணயம் சேகரிக்கிறேன் என்று நான் சொன்னால், "சேதுக் காசு இருக்கிறதா? ஒல்லாந்தர் துட்டு இருக்கிறதா?" என்றுதான் கேட்கிறார்கள். இல்லை. என்னிடம் இருப்பவை நேற்றுவரை தோட்டக் கடையின் லாச்சியில் கிடந்த குற்றிகள். ஒரு ரூபா, இரண்டு ரூபா, ஐந்து ரூபா. அவற்றில் என்ன வரலாறு என்று கேட்பவர்களுக்கு, எனது பழைய பால்மா டின்னிலிருந்து இரண்டே இரண்டு ஐந்து ரூபாக் குற்றிகளை எடுத்துக் காட்டுவேன். இன்று உங்களிடமும் அவற்றைப் பற்றியே பேசப் போகிறேன்.

முதலாவது 1981ஆம் ஆண்டுக்குரியது. எட்டியாந்தோட்டைக்கு மேலே உள்ள ஒரு றப்பர் தோட்டத்து லயத்தில் அப்போது நாங்கள் குடியிருந்தோம். வெள்ளை நிறத்தில் புத்தம் புதிய ஐந்து ரூபா ஒன்று கடைச் சில்லறையோடு வீட்டுக்கு வந்தது. பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் காட்டினேன். "சர்வசன வாக்குரிமை கிடைத்து ஐம்பது வருஷம் ஆனதற்காக அடித்த காசு" என்றார். 1931இல் டொனமூர் அரசியல் திட்டத்தின் கீழ் வந்த வாக்குரிமை அது. அந்தச் செய்தியைச் சுமந்துகொண்டு லயத்துக்கு ஓடினேன். திண்ணையில் இருந்த தாத்தா குற்றியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல சல்லிதான்டா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

தாத்தா 1947இல் வாக்குப் போட்டவர். எங்கள் பகுதி அப்போது ருவன்வெல்லத் தொகுதி, கலாநிதி என்.எம். பெரேரா வென்ற தொகுதி. அடுத்த தேர்தல் வருவதற்குள் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும், 1949இல் செய்யப்பட்ட தேர்தல் சட்டத் திருத்தமும் தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலானோரை இடாப்பிலிருந்து இறக்கிவிட்டன. இதை எதிர்த்து நடந்த பெயர்பெற்ற வழக்கு எங்கள் கேகாலை மாவட்டத்திலேயே தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது. ருவன்வெல்லத் தொகுதி இடாப்பில் தமது பெயரைச் சேர்க்க வேண்டும் என்று கொடகன் பிள்ளை என்பவர் கேட்டார். இடாப்பைத் திருத்தும் அதிகாரி அவர் பக்கம் தீர்ப்பளித்தார். உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. இலண்டனில் இருந்த கோமறைக் கழகம் 1953இல் மேன்முறையீட்டைத் தள்ளியது. ஒரு பெயரை ஓர் இடாப்பில் எழுதுவதா இல்லையா என்ற கேள்வி அத்தனை கடல் தாண்டிப் போய்த் திரும்பியது.

பதினொரு வருஷம் கழித்து, 1964 ஒக்டோபரில், சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார்கள். 1981இலும் தாத்தா அந்தக் கணக்குக்குள் எங்கோதான் இருந்தார். இதெல்லாம் எனக்குப் பிற்காலத்தில் தெரிய வந்தது. அன்று, புதுக் காசைக் கண்டு அவர் ஏன் மகிழவில்லை என்றுதான் யோசித்தேன்.

வேடிக்கை என்னவென்றால், நாணயத்தில் நமது மொழிக்கு ஒருபோதும் பிரஜாவுரிமைப் பிரச்சினை வந்ததில்லை. விக்டோரியா மகாராணியின் தலை பொறித்த 1870ஆம் ஆண்டின் செப்புச் சதத்திலேயே, தாளிப்பனை மரத்தின் ஒரு பக்கம் சிங்களமும் மறுபக்கம் தமிழும் நிற்கின்றன. குடியரசான பின்பும் பெறுமதி மூன்று மொழிகளிலும் எழுதப்பட்டது. இடாப்பில் இல்லாதவரின் மடியிலும் அது கிடந்தது.

இனி இரண்டாவது குற்றி. 1984ஆம் ஆண்டுக்குரியது, மஞ்சள் நிறம், தடிப்பானது. அதுவரை ஐந்து ரூபா பெரும்பாலும் தாளாகவே கைக்கு வந்தது. நினைவுக் குற்றிகள் இடையிடையே வந்தாலும், அன்றாடப் புழக்கத்துக்கென வந்த ஐந்து ரூபாக் குற்றி இதுதான். அதே ஆண்டில்தான் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்றாயிற்று. அம்மா பால் வெட்டுக்காரி. அப்பாவுக்குச் சமமாக அம்மா வாங்கிய சம்பளத்திலிருந்து இந்தக் குற்றியை எனக்குக் கொடுத்தார். செலவழிக்காமல் வைத்திருந்தேன் என்பதை நானே இன்று நம்ப மாட்டேன்.

அதன் அருமையை எனக்குக் காட்டியவர் இரத்தினபுரியில் மாணிக்கக் கல் தரகு செய்த ஒரு நானா. நான் அங்கே வேலைக்குப் போன காலத்தில் தேநீர்க் கடையில் பழக்கம். ஒருநாள் என் குற்றிகளைப் பார்த்துவிட்டு, கல் பார்க்கும் கண்ணாடியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். "தம்பி, மொகத்த எல்லாரும் பாப்பாங்க. ஓரத்தப் பாருங்க" என்றார்.

பார்த்தேன். 1984ஆம் ஆண்டுக் குற்றியின் ஓரத்தில் சி.பி.சி. என்ற ஆங்கில எழுத்துகள். 1986ஆம் ஆண்டுக் குற்றியில் சி.பி.எஸ்.எல். முகத்தில் இரண்டும் ஒன்றே. ஓரத்தில் மட்டும் ஒன்று சிலோன், மற்றது ஸ்ரீ லங்கா! நாட்டின் பெயர் 1972 மே 22இல் மாறிவிட்டது. 1950இல் தொடங்கிய மத்திய வங்கியோ 1985 வரை பழைய ஆங்கிலப் பெயரிலேயே இருந்தது. ஆகவே, நாடு பெயர் மாற்றிப் பன்னிரண்டு வருஷம் கழித்து வார்த்த புதுக் காசிலும் சிலோன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. தமிழில் மட்டும் வாசிப்பவருக்கு இந்த மாற்றம் தெரியவே தெரியாது. நமக்கு அன்றும் 'இலங்கை', இன்றும் 'இலங்கை'. தேயிலைப் பெட்டிக்கு மட்டும் சிலோன் இன்னமும் தேவைப்படுகிறது. விலை போக வேண்டுமே!

ஓரம் பார்க்கும் இந்தப் பழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் 2007இல் ஜனாதிபதிகளின் உருவம் பொறித்த டொலர்க் குற்றிகளை வெளியிடத் தொடங்கினார்கள். ஆண்டையும் வார்ப்புச்சாலைக் குறியையும் ஓரத்தில் பொறித்தார்கள். முதலில் வந்த வாஷிங்டன் டொலரில் ஒரு தொகுதி ஓர எழுத்தே இல்லாமல் வெளியேறிவிட, சேகரிப்போர் வங்கிகளை மொய்த்தார்கள். முகம் மேலே இருக்கையில் ஓர எழுத்து நேராக நிற்கிறதா, தலைகீழாக நிற்கிறதா என்று பார்த்து இரண்டு வகையாகவும் அவற்றைப் பிரிக்கிறார்கள். அங்கே ஒரு தவறு, பெருமதிப்பு. நமது சி.பி.சி. தவறல்ல; அன்றைய சரியான பெயர். அதனால்தானோ என்னவோ, அதைத் தேடி இங்கே யாரும் வங்கிக்கு ஓடவில்லை.

எனது டின்னில் இன்னும் பல உண்டு. 1978இல் ஜே.ஆர். ஜயவர்தன நிறைவேற்று ஜனாதிபதியானதன் நினைவாக வந்த ஒரு ரூபா, 1981இன் மகாவலி இரண்டு ரூபா, 25 மாவட்டங்களுக்கும் ஒவ்வொன்றாக 2013ஆம் ஆண்டிட்டு வந்த பத்து ரூபா வரிசையில் இரத்தினபுரியும் கேகாலையும். தாத்தா வாழ்ந்த மாவட்டத்துக்கும் ஒரு காசு வந்துவிட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை. இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் அவர் இருக்கவில்லை.

என் மருமகன் பள்ளி மாணவன். அவனுக்குக் காந்தம் போதும். 2005 தொடக்கம் சில வருஷங்கள் வார்த்த ஐந்து ரூபாவின் உள்ளே இரும்பு, மேலே பித்தளைப் பூச்சு. காந்தம் கண்டதும் தாவும். அதற்கு முந்தியது அசையாது. ஆண்டு தேய்ந்து போன குற்றியையும் அவன் இப்படிப் பிரித்துவிடுவான். சென்ற விடுமுறையில் டின்னைக் கவிழ்த்து விளையாடினான். தாத்தா தொட்ட வெள்ளைக் குற்றியிலும் அம்மா தந்த மஞ்சள் குற்றியிலும் காந்தத்தை வைத்துப் பார்த்தான்.

"ரெண்டும் ஒட்டுதில்ல மாமா" என்று தனியே எடுத்து வைத்தான்.