கல்லுளியும் வைரத் தட்டும்

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வீதி வழியே சில மைல் சென்றால் கோப்பாய் வரும். 1560இல் பறங்கியர் நல்லூரைத் தாக்கியபோது சங்கிலி மன்னன் பின்வாங்கிச் சென்ற கோட்டை இவ்வூரில் இருந்தது. அக்கோட்டையைப் பற்றிப் பேசியோர் பலர். நான் இன்று பேசப் புகுவது இவ்வூர் வீட்டுத் தரையைப் பற்றி.

கோப்பாயின் செம்மண்ணை அகழ்ந்தால் சுண்ணாம்புக்கல் தட்டுப்படும். முன்னோர் அதனை உளியாற் செதுக்கிச் சுவர் எழுப்பினர். சூளையில் நீற்றிச் சாந்தாக்கினர். தரை மட்டும் நெடுங்காலம் சாணமிட்டு மெழுகிய மண்தரையாகவே இருந்தது. அதே சுண்ணாம்புக்கல்லைக் கொண்டு 1950இல் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை இயங்கத் தொடங்கியது. 1990இல் போரினால் மூடப்பட்டது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்தனர். மறு ஆண்டு மீண்டு வந்தோரிற் பலர் கண்டவை கூரையற்ற சுவர்களே. 2009இல் போர் ஓய்ந்தபின் எழுந்த வீடுகளில்தான் பளபளக்கும் மட்பாண்ட ஓடுகள் தரையேறின. மக்கள் அவற்றை 'மாபிள்' என்கின்றனர். சலவைக்கல்லின் பெயரை வெந்த களிமண்ணுக்குச் சூட்டிவிட்டோம்!

அவ்வோட்டை அறுக்கும் கருவிகளின் வரலாறு நீண்டதன்று. 1951இல் ஸ்பெயினின் ரூபி நகரில் போவாடா சகோதரர் கையால் இயக்கும் ஓடுவெட்டியை உருவாக்கினர். சிறு சில்லொன்று மேற்பூச்சிற் கீறலிடும். பின்னர் இருபுறமும் அழுத்த, ஓடு கண்ணாடிபோல் அக்கீறல் வழியே பிளந்துவிடும். 1954இல் செருமனியின் ஆக்கர்மன்-சிமித் நிறுவனம் நம்மவர் 'கிரைண்டர்' என அழைக்கும் கோண அரைப்பொறியை அளித்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே அமெரிக்க ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுகூடத்தில் டிரேசி ஹோல் செயற்கை வைரம் செய்துகாட்டினார். இவ்விரண்டும் பின்னாளில் இணைந்தமையாலேயே, நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 முறை சுழலும் வைரத் தட்டு இன்று சாதாரண வீட்டு முற்றத்துக்கும் வந்துள்ளது. அத்தட்டு உண்மையில் அறுப்பதில்லை, தேய்த்துப் பொடியாக்குகிறது.

அந்தப் பொடியிலேதான் இடர் உண்டு. அண்மையில் கோப்பாயில் ஒரு விறாந்தையில் முதிய மேசன் ஒருவர் முகமும் புருவமும் வெளுக்க ஓடறுத்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொள்ளலாகாதா என்றேன். "ஐயா, கல்லுத் தூசியிலே வளர்ந்த ஆள் நான்" என்று சிரித்தார். அவர் வளர்ந்தது சுண்ணாம்புக்கல்லின் தூசியில். அதிற் சிலிக்கா மிகச் சொற்பம். ஓட்டிலோ களிமண்ணோடு குவாட்சும் கலந்திருக்கிறது. அதன் நுண்துகள் நுரையீரலிற் படிந்தால் மீளாது. ஆண்டுகள் கழித்தே மூச்சை இறுக்கும். 1700இல் தொழிலாளர் நோய்களைப் பற்றி நூலெழுதிய இத்தாலிய மருத்துவர் ரமாசினி கல்தச்சரின் இருமலையும் அதிற் குறித்தார். அவர் கற்பித்த மொடேனாவுக்கு அண்மையிலுள்ள சசுவோலோ இன்று ஓட்டுத் தொழிலுக்குப் பெயர்போனது, விந்தையான ஒற்றுமைதான். தொழிலிடங்களிற் சுவாசிக்கப்படும் படிகச் சிலிக்கா புற்றுநோய் விளைப்பது என 1997இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகுத்தது.

ஆதலின் நேர்வெட்டு அனைத்துக்கும் போவாடா சகோதரரின் கைவெட்டியே போதும். அதில் தூசு அரிது, மின்சாரமும் வேண்டா. குழாய்த் துளைக்கும் மூலை வெட்டுக்குமே கிரைண்டரை எடுக்கலாம். அப்போதும் முற்றத்தில், காற்று முதுகுப்புறம் வீச நின்று, கண்ணாடியும் நுண்தூசு தடுக்கும் முகக்கவசமும் அணிந்து, முதலில் மெல்லிய கீறலிட்டுப் பின் சிறிது சிறிதாக ஆழப்படுத்த வேண்டும். நீர் தூசை அடக்கும் என்பது உண்மையே. ஆனால் சாதாரணக் கிரைண்டர் நீருக்கென அமைந்ததன்று; 230 வோல்ற்று மின்சாரத்தோடு நீர் சேர்ந்தால் என்னாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நீரூற்றி அறுக்க வேண்டுமாயின் அதற்கென அமைந்த பொறியையே, 'ட்ரிப் சுவிட்ச்' உள்ள இணைப்பிற் பூட்டிப் பயன்படுத்துக.

அம்மேசனிடம் இவற்றைச் சொன்னேன். அவர் பதில் கூறவில்லை. பக்கத்தில் நின்று ஓட்டைப் பிடித்துக்கொடுத்த தம் பேரனை மட்டும் அப்பாற் போகச் சொன்னார்.