முந்நூறு மணித்தியாலக் கணக்கு

கணினியின் வன்தட்டு ஓயாமல் சுழலுகிற சாமான். 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ரமாக் என்ற முதல் வன்தட்டு இயந்திரத்தில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. கொள்ளளவோ 50 இலட்சம் எழுத்துகள்தான். அதற்குப் பின் முப்பது வருடங்களாகப் பெரிய கணினிகளைச் செய்தவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் யோசித்தார்கள். தரவு பத்திரமாக இருக்க வேண்டுமா? பெரியதாக, விலை கூடியதாக, நல்லதாக ஒரு தட்டைச் செய்.

இந்த யோசனையைப் புரட்டிப் போட்டவர்கள் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பெட்டர்ஸன், கார்த் கிப்ஸன், ரண்டி கட்ஸ் ஆகிய மூவர். 1988இல் வெளியான அவர்களுடைய கட்டுரை ஐ.பி.எம். 3380 என்ற 7,500 மெகாபைட் தட்டை, தனிக் கணினிகளுக்கென விற்கப்பட்ட 100 மெகாபைட் சின்னத் தட்டோடு ஒப்பிட்டது. இரண்டுக்கும் சராசரி ஆயுள் 30,000 மணித்தியாலம் என்றுதான் தயாரிப்பாளர்கள் சொல்லியிருந்தார்கள். அப்படியென்றால் சின்னதுகளை அடுக்கி வைத்தால் போதாதா?

போதாது. அதை அவர்களே முதலில் சொல்லிவிட்டார்கள் என்பதுதான் அந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்த இடம். நூறு தட்டுகளைச் சேர்த்தால் எங்கேயோ ஒன்று 300 மணித்தியாலத்துக்கு ஒருமுறை செத்துப்போகும். இரண்டு கிழமைக்கும் குறைவு! இப்படி ஒரு அடுக்கை யார் வாங்குவார்?

தீர்வு ஒரு கடைக் கணக்கு மாதிரி. மூன்று தட்டுகளில் 7, 4, 9 என்று எழுதியிருக்கிறது என்போம். நாலாவதில் கூட்டுத்தொகை 20ஐ எழுதிவைக்கிறோம். 4 இருந்த தட்டு போச்சு. பரவாயில்லை, 20இலிருந்து 7ஐயும் 9ஐயும் கழித்தால் அது திரும்ப வந்துவிடும். இயந்திரம் உண்மையில் கூட்டுவதில்லை, ஒற்றையா இரட்டையா என்றுதான் பார்க்கிறது, தத்துவம் இதுதான். பத்துப் பத்தாகப் பிரித்து, செத்த தட்டை ஒரு மணித்தியாலத்துக்குள் மாற்றிச் சரிசெய்தால், தரவு தொலைய 90 வருடங்களுக்கு மேல் ஆகும் என்று கணக்குக் காட்டினார்கள். ஆனால் கூட்டுத்தொகை முழுவதையும் ஒரே தட்டில் வைத்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் அதைத்தான் தொட வேண்டும். வேலை அங்கே நெரிசல்படும். அதனால் ஐந்தாம் முறையில் அதை எல்லாத் தட்டுகளுக்கும் பகிர்ந்துவிட்டார்கள்.

எல்லாம் அவர்களுடைய கண்டுபிடிப்பு என்று சொல்வது நியாயமல்ல. ஒரு தட்டுக்கு இன்னொன்றைக் கண்ணாடிபோல வைக்கும் பழக்கம் 1970களிலேயே டேன்டம் நிறுவனத்தின் இயந்திரங்களில் இருந்தது. ஐ.பி.எம்.மில் வேலைசெய்த நோமன் கென் ஒவூச்சி, பழுதான சேமிப்பகத்திலிருந்து தரவை மீட்கும் முறைக்கு 1978இல் காப்புரிமை பெற்றிருந்தார். பேர்க்லிக்காரர்கள் செய்தது, சிதறிக்கிடந்ததை ஐந்து முறைகளாக வரிசைப்படுத்தி, கணக்குப் போட்டு, 'ரெய்ட்' என்று பேர் வைத்தது. பேர் வைத்தவனுக்கே புகழ் என்பது நம்ம இலக்கிய வரலாற்றிலும் நடப்பதுதானே!

அந்தப் பேரில் 'ஐ' என்ற எழுத்து 'இன்எக்ஸ்பென்சிவ்', அதாவது மலிவு. விலை கூடிய பெட்டிகளை விற்க வந்தவர்களுக்கு அது ஒத்துவருமா? 'இன்டிபென்டன்ட்', அதாவது தனித்தனி, என்று மாற்றிவிட்டார்கள். ஆனால் தட்டுகள் அவ்வளவு தனித்தனி இல்லை. ஒரே நாளில் செய்து, ஒரே பெட்டியில் பூட்டி, ஒரே மின்சாரத்தில் ஓடுபவை அடுத்தடுத்தும் சாகும். தட்டு பெருக்கப் பெருக்க, மீட்பதற்கு ஒரு மணித்தியாலம் என்பது ஒருநாளாகவும் நீண்டது. அந்த இடைவெளிக்குள் இரண்டாவது போனால் மிச்சமும் போச்சு. அதனால்தான் இரண்டு தட்டு இழப்பையும் தாங்கும் ஆறாம் முறை வந்தது.

எத்தனையாவது முறையானாலும் தட்டின் சாவுக்குத்தான் அது மருந்து. கைதவறி ஒரு கோப்பை அழித்தால், கண்ணாடித் தட்டும் அதே நொடியில் அதை அழித்துவிடும்.