ஜவ்வரிசித் தேநீரின் பிறப்பு வழக்கு

பபிள் டீ 1980களில் தைவானில் பிறந்த பானம். பெயரிலுள்ள குமிழ், குலுக்கிய தேநீரின் மேல் எழும் நுரையைக் குறித்தது என்பர். அடியில் கிடக்கும் கரிய உருண்டைகளைத் தைவான்காரர்கள் முத்து என்கிறார்கள். அவை மரவள்ளிக்கிழங்கு மாவால் ஆனவை. நம் பாயசத்து ஜவ்வரிசிக்கு நெருங்கிய உறவு.

இதை முதலில் தந்தது யார் என்பதில் இரண்டு கடைகள் மோதின. தைச்சுங் நகரின் சுன் ஷுய் டாங், பால் தேநீரில் ஜவ்வரிசி இனிப்பைக் கொட்டிப் பார்த்தது தன் ஊழியர் லின் சியு-ஹுய் என்றது. தைனானின் ஹான்லின், 1986இல் சந்தையில் கண்ட வெள்ளை ஜவ்வரிசியிலிருந்தே யோசனை வந்தது என்றது. வழக்கு ஏறத்தாழ பத்தாண்டு நடந்தது. இந்தப் பானம் காப்புரிமை பெற்றதல்ல, யாரும் தயாரிக்கலாம் என்று 2019இல் தீர்ப்பு வந்தது. நியாயமான தீர்ப்பு, தெருவுக்குத் தெரு கடை முளைத்ததே அந்தச் சுதந்திரத்தால்தான்.

போட்டி மிகுந்த தெருவில் நல்ல கடையை அடையாளம் காட்டுவது முத்துதான். நன்கு வெந்து, கருப்புச் சர்க்கரைப் பாகில் ஊறிய உருண்டை பல்லுக்கு மெத்தென்று இழுபடும். சில மணி நேரத்தில் அது இறுகிவிடும். ஆகவே நல்ல கடைகளில் நாளெல்லாம் முத்து வெந்துகொண்டே இருக்கும். கோப்பையின் வாயில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக் குத்தும் உறிஞ்சுகுழல், முத்து ஏறி வரும் அளவுக்கு அகலமானது.