அடுத்த சுரம் தெரியாத கச்சேரி

இந்த இரங்கல் ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரட் என்ற மனிதருக்கானது அல்ல. அவர் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக மேடையில் செய்துவந்த ஒரு காரியத்துக்கானது. அரங்கில் ஒரு பியானோ மட்டும் இருக்கும். அவர் வந்து உட்காருவார். என்ன வாசிக்கப்போகிறார் என்பது சபைக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. தாள் இல்லை, பாட்டு இல்லை, பக்கத்தில் கைகொடுக்க ஆளும் இல்லை. கை எங்கே இறங்குகிறதோ அங்கே இசை தொடங்கும். அரை மணி, முக்கால் மணி, சில இரவுகளில் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடும். 1970களின் தொடக்கத்தில் ஐரோப்பிய அரங்குகளில் உருவான அந்தக் கச்சேரி 2017 பிப்ரவரி 15 அன்று நியூயார்க்கின் கார்னகி ஹாலில் முடிந்தது. அதுதான் கடைசி என்று அன்று யாருக்கும் தெரியாது.

கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும்: இதுவும் மனோதர்மம்தானே? இல்லை. ஆலாபனை செய்பவருக்கு ராகம் கையில் இருக்கிறது. நிரவலுக்குச் சாகித்திய வரியும் தாளமும் இருக்கின்றன. ஜாஸிலும் வழக்கம் அதுவே. எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டின் கோர்டு வரிசை அடியில் ஓட, அதன்மேல் கற்பனை பறக்கும். ஜாரட் அந்த அடித்தளத்தையும் உருவிவிட்டு உட்கார்ந்தார்.

அந்த இடத்துக்கு அவர் நேராக வந்துவிடவில்லை. 1945இல் பென்சில்வேனியாவின் ஆலன்டவுனில் பிறந்தவர். ஆர்ட் பிளேக்கியின் குழு, சார்லஸ் லாயிட் குவார்டெட், பிறகு மைல்ஸ் டேவிஸிடம் மின்சாரக் கீபோர்டு. அந்தக் கருவி அவருக்கு ஒருநாளும் பிடிக்கவில்லை. 1971 நவம்பரில் ஆஸ்லோவில், இ.சி.எம். நிறுவனத்தின் மான்ஃப்ரெட் ஐஹருக்காக ‘ஃபேசிங் யூ’ என்ற தனி பியானோ இசைத்தட்டைப் பதிவுசெய்தார். 1973இல் பிரெமன், லோசான் நகரங்களின் கச்சேரிகள் மூன்று இசைத்தட்டுகளாக வந்தன. 1976 நவம்பரில் ஜப்பானில் ஐந்து நகரங்களில் வாசித்தவை ‘சன் பேர் கான்செர்ட்ஸ்’ என்று பத்து இசைத்தட்டுப் பெட்டியாக வெளிவந்தன. முன்கூட்டி யோசிக்காத இசையைப் பத்துத் தட்டுகளில் விற்க முனைந்த ஐஹரின் துணிச்சலையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நடுவில் ஜெர்மனியின் கொலோன். 1975 ஜனவரி 24. ஏற்பாடு செய்தவர் வேரா பிராண்டஸ் என்ற பதினெட்டு வயதுப் பெண். ஆபரா அரங்கில் அன்றைய ஆபரா முடிந்த பிறகுதான் மேடை கிடைத்தது. கச்சேரி இரவு பதினொன்றரைக்கு. கேட்டிருந்தது 97 கட்டைகள் கொண்ட போசன்டார்ஃபர் இம்பீரியல். மேடையில் நின்றதோ ஒத்திகைக்கு வைத்திருந்த சின்ன பியானோ: சுருதி கலைந்தது, மிதி சரியில்லை, மேல் ஸ்தாயி தகரம், கீழ் ஸ்தாயியில் கனமே இல்லை. சுவிட்சர்லாந்திலிருந்து காரில் வந்திறங்கிய ஜாரட்டுக்கு முதுகுவலி வேறு. வாசிக்க மாட்டேன் என்று கிளம்பியவரை அந்தப் பெண் கெஞ்சி நிறுத்தினார். சுருதி சேர்ப்பவர்கள் முடிந்தவரை சரிசெய்தார்கள்.

சுமார் 1,400 பேர் முன்னால் அவர் முதலில் வாசித்தது, அரங்கில் ரசிகர்களை உள்ளே அழைக்க ஒலிக்கும் மணியின் மெட்டு. பதிவில் யாரோ சிரிப்பதுகூடக் கேட்கிறது. பிறகு நடந்ததற்கு அந்தக் கெட்டுப்போன பியானோதான் பாதிக் காரணம். மேலேயும் போக முடியாது, கீழேயும் நம்ப முடியாது. ஆகவே நடுக்கட்டைகளிலேயே தங்கினார். பாஸில் இல்லாத கனத்தை, இடது கையால் ஒரே உருவைத் திரும்பத் திரும்ப அடித்து வரவழைத்தார். முதல் பகுதியில் ஏ மைனர், ஜி மேஜர் என்ற இரண்டே கோர்டுகளின் மேல் பன்னிரண்டு நிமிடம்போல நிற்கிறார். காகிதத்தில் படித்தால் சலிப்பாகத் தோன்றும். கேட்டால் அந்த இரண்டு கோர்டும் போதும் என்று இருக்கிறது.

அந்த இரவின் பதிவு இசைத்தட்டாக வந்து பல லட்சம் விற்றது. தனி பியானோவில் அவ்வளவு விற்றது வேறில்லை என்பார்கள். இந்தக் கதையும் அதே அளவுக்கு விற்றது: தடையே கலையைத் தரும் என்று மேலாண்மை வகுப்புகளில் பாடமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. எத்தனையோ மோசமான பியானோக்களில் எத்தனையோ மோசமான கச்சேரிகள் நடந்திருக்கின்றன. அன்று கொலோனைக் காப்பாற்றியது இடது கை. அது ஒரு வட்டத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும். வலது கை அதன்மேல் தேடும். வலது கைக்கு ஒன்றும் அகப்படாத நிமிடங்களிலும் இசை விழுந்துவிடாமல் தாங்கியது அந்தச் சுற்றுதான். நீண்ட கச்சேரி என்ற வடிவமே இடது கை கொடுத்த அவகாசத்தில் நின்றது.

அந்த வடிவத்துக்கு முதல் அடி 1996இல் விழுந்தது. நாள்பட்ட சோர்வு நோய் அவரைப் பியானோவிலிருந்தே விலக்கியது. 1998இல் வீட்டு ஸ்டூடியோவில், மனைவிக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக, தெரிந்த பழைய பாட்டுகளை மெல்ல வாசித்துப் பதிவுசெய்தார். தனிக் கச்சேரிக்குத் திரும்பியபோது நீளம் போயிருந்தது. 2002இல் ஒசாகா, டோக்கியோவில் பதிவான ‘ரேடியன்ஸ்’ முதல் எல்லாம் துண்டுகள்: யோசனை தீர்ந்ததும் நிறுத்துவார், கைதட்டல், அடுத்தது. விமர்சகர்கள் பலர் இதை முதிர்ச்சி என்றார்கள். இறுக்கம் கூடியது உண்மைதான். ஆனால் வழி தெரியாமல் திணறும் அந்தப் பத்து நிமிடங்கள், வழி கிடைக்கும்போது உடம்பில் ஓடும் சிலிர்ப்பு, இரண்டும் சேர்ந்தே போயின.

பழகுவதற்கு எளிய மனிதர் அல்ல. வாசிக்கும்போது முனகுவார், எழுந்து நெளிவார்; அதே மனிதர் சபையில் யாராவது இருமினால் நிறுத்திவிடுவார். 2007இல் இத்தாலியின் பெருஜாவில் படம் எடுத்தவர்களை மேடையிலிருந்தே கெட்ட வார்த்தையில் திட்டினார். நியாயப்படுத்த முடியாதுதான். ஆனாலும் கையில் எதுவுமே இல்லாமல் உட்கார்ந்திருப்பவனுக்கு ஓர் இருமல் எவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

2018 பிப்ரவரியில் ஒரு பக்கவாதம், மே மாதம் இன்னொன்று. இடது பக்கம் செயலிழந்தது. ரசிகர்களுக்கு விஷயம் தெரியவந்தது 2020 அக்டோபரில், நியூயார்க் டைம்ஸ் பேட்டியில். பியானோவில் வலது கை மட்டுமே மிச்சம் என்றும், தன்னை இனி பியானோ கலைஞனாக எண்ணவில்லை என்றும் அதில் சொல்லியிருந்தார்.

2016 ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தின் பதிவுகளை இ.சி.எம். ஒவ்வொன்றாக வெளியிட்டு வருகிறது: மியூனிக், புடாபெஸ்ட், போர்டோ, வியன்னா. எல்லாம் நன்றாகவே இருக்கின்றன, எல்லாம் துண்டுகள். கொலோன் கச்சேரியோ 1991இலேயே சுரக்குறிப்புப் புத்தகமாக அச்சாகிவிட்டது. ஜாரட் தயங்கித் தயங்கித்தான் சம்மதித்தார். ஒலிப்பதிவையே கடைசிச் சான்றாகக் கொள்ளுங்கள் என்று வாசிப்பவர்களுக்குச் சொல்லியும் வைத்தார். இப்போது அதைப் பார்த்துப் பயிற்சிசெய்து மேடையில் வாசிக்கிறார்கள், பிழையில்லாமல். ஜாரட்டை எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் கொலோனைச் சொல்வதில்லை. லோசான், 1973 மார்ச் 20. ஒரே பகுதி, ஒரு மணி நேரத்துக்கும் மேல். இசைத்தட்டின் பக்கம் போதாமல் நடுவில் வெட்டினார்கள், குறுந்தகட்டில் முழுதாகக் கிடைக்கிறது. நடுவே கொஞ்சம் தொய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள்.