மணிலாக்கொட்டை வந்த வழி

வரலாறு கற்ற நண்பர் ஒருவர் வழிகாட்ட, ஒரு மாலை கீழ்பென்னாத்தூர்க் கடைத்தெருவில் நடந்தோம். வறுத்த மணிலாக்கொட்டை, மிளகாய் பஜ்ஜி, சுட்ட மக்காச்சோளம்: யாவும் நம் மண்ணின் பண்டங்கள் என்றே எண்ணியிருந்தோம். அவற்றின் பூர்வீகமோ அமெரிக்கக் கண்டம். மிளகாயும் மக்காச்சோளமும் மெக்சிகோ உழவர் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பண்படுத்திய பயிர்கள். வேர்க்கடலை தென் அமெரிக்காவில் தோன்றியது. நம் வட்டாரத்தார் அதனை 'மல்லாட்டை' என்பது மணிலாக்கொட்டையின் மருவே. அந்த மணிலாவுக்கு மெக்சிகோவின் அகாபுல்கோவிலிருந்து பதினாறாம் நூற்றாண்டு முதல் 1815 வரை ஸ்பானியக் கப்பல்கள் வந்து சென்றன.

பயிர்கள் பரவின, பயிரிட்டோர் அழிந்தனர். 1521-இல் அஸ்டெக் தலைநகர் ஸ்பானியரிடம் வீழ்ந்தது. போரும் பெரியம்மையும் எண்ணற்றோரை மாய்த்தன. எஞ்சியிருந்த முதியோரிடம் கேட்டு, அவர்தம் நாவாட்டில் மொழியிலேயே அம்மக்களின் வாழ்வைப் பதிவு செய்தார் பிரான்சிஸ்கன் துறவி பெர்னார்தினோ தெ சாகுன். சந்தையில் மக்காச்சோள மாவுப் பண்டம் விற்ற எளியோரும் அந்நூலில் இடம்பெற்றனர்.

அன்றாட உணவுக்கு நன்றி கூறும் நாம், பெயர் அறியாத அவ்வுழவரையும் நினைக்கக் கடமைப்பட்டுள்ளோம். கையிலிருந்த மல்லாட்டைப் பொட்டலம் அன்று சற்றே கனத்தது.