கந்தையும் காந்தாவும்

கொஞ்சம் நீளமான பதிவு. இஷா தொழுதுவிட்டு ஆறுதலாக வாசியுங்கள்.

வீட்டில் ஒருவர் மௌத்தானால் சில நாட்களில் ஒரு வேலை வந்து சேரும். அலுமாரியைத் திறந்து அவருடைய உடுப்புகளைப் பிரிக்க வேண்டும். நல்லவற்றை ஸதகாவாகக் கொடுத்துவிடுகிறோம். அழகான வழக்கம், அதில் கை வைக்க வேண்டாம். சாயம் போனது, கிழிந்தது, யாருக்கும் கொடுக்கக் கூசுவது மிஞ்சும். அது சைக்கிள் துடைக்கப் போகும், இல்லாவிட்டால் நெருப்புக்குப் போகும். நான் எழுதப்போவது அந்த இரண்டாவது குவியலைப் பற்றி.

வங்காளத்துப் பெண்கள் அந்தக் குவியலை எறியவில்லை. பழைய பருத்திச் சேலை, வேட்டி, சாரம் எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்து, மூன்று நான்கு அடுக்காகத் தரையில் விரிப்பார்கள். சுருக்கம் எடுத்து, ஓரங்களைத் தைத்துப் பிடித்துக்கொண்டு, பிறகு உள்பக்கம் முழுவதும் ஊசியை மேலும் கீழும் விட்டு நேராக ஓட்டுவார்கள். சின்னப் பிள்ளைக்கும் வரும் தையல்தான். நூலும் கடைக்குப் போய் வாங்கியதல்ல. சேலைக் கரையிலிருந்து சிவப்பு, நீலம், கறுப்பு நூல்களை மெதுவாக உருவி எடுத்துச் சேர்த்து வைப்பார்கள். இப்படித் தைத்ததற்குப் பெயர் காந்தா. படம் போட்டுத் தைத்தால் நக்‌ஷி காந்தா.

பெயரைக் கவனித்தீர்களா? வடமொழியில் ‘கந்தா’ என்றால் ஒட்டுப்போட்ட துணி. அந்தச் சொல்தான் தமிழுக்கு வந்து ‘கந்தை’ ஆனது. நம்மிடம் அது பிச்சைக்காரனின் உடுப்பாகச் சுருங்கிவிட்டது. கசக்கிக் கட்டச் சொல்லும் பழமொழியோடு நம் மரியாதை முடிந்தது. அங்கே அதே சொல் மகள் வாப்பாவுக்குக் கொடுக்கும் பரிசுக்கும், பிறந்த பிள்ளையைச் சுற்றும் துணிக்கும் பெயராக நின்றது. பல வருடம் உடுத்துத் துவைத்த பருத்தியைப் போல மெதுவான துணி பிள்ளையின் தோலுக்கு வேறு கிடையாது. நம் ஏணையிலும் பழைய பிடவையைத்தானே கட்டினோம்.

குளிருக்குப் போர்த்தும் தடித்தது ‘லெப்’. கண்ணாடியும் சீப்பும் சுற்றி வைக்கும் சின்னது ‘ஆர்ஷிலதா’. முஸ்லிம் வீடுகளில் குர்ஆனை வைக்க உறை போல ஒன்று தைப்பார்கள், அதற்கு ‘கிலாஃப்’ என்று பெயர். தொழுகை விரிப்பும் உண்டு. வயல் வேலை குறைந்த மழைக்காலப் பிற்பகல்களில், பிள்ளை தூங்கும் நேரத்தில் தைத்தது என்பதால் ஒன்று முடிய மாதக்கணக்கில் ஆகும். உம்மும்மா தொடங்கியதைப் பேத்தி முடித்ததும் உண்டு.

கொல்கத்தாவில் குருசதய் தத் என்பவர் சேகரித்த பொருட்களுக்கென்று ஒரு நூதனசாலை இருக்கிறது. அவர் ஆங்கிலேயர் கால ஐ.சி.எஸ். அதிகாரி. மற்ற அதிகாரிகள் புலித்தோல் சேர்த்த காலத்தில் கிராமத்துப் பெண்களின் கந்தையைச் சேர்த்த மனிதர். அங்கே 19ஆம் நூற்றாண்டில் குல்னாப் பக்கத்தில் மானதசுந்தரி தாசி தைத்த காந்தா ஒன்று இருக்கிறது. தகப்பனுக்காகத் தைத்தது. அதைத் தன் கையால் செய்ததாகவும் துணியிலேயே வங்க எழுத்தில் தைத்து வைத்திருக்கிறார். பெண் பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலம் அது. நூதனசாலைகளில் இருக்கும் மற்றக் காந்தாக்களில் பெரும்பாலானவற்றில் பெயரே இல்லை. பூ இருக்கும், யானை இருக்கும், தைத்தவள் யாரென்று இருக்காது. வரலாறு படிப்பிக்கும் எனக்கு அதுதான் உறுத்துகிறது.

இன்னொன்று. 1929இல் ஜசீமுத்தீன் என்ற கவிஞர் ‘நக்‌ஷி காந்தார் மாட்’ என்றொரு காவியம் எழுதினார். ரூபாய், ஸாஜு என்ற இரண்டு ஏழை முஸ்லிம் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் திருமணம் முடிக்கிறார்கள். ஊர்ச் சண்டை ஒன்றில் கொலை விழுந்து ரூபாய் தலைமறைவாகிறான். ஸாஜு காத்திருந்து, காத்திருந்து, தங்கள் வாழ்க்கையை ஒரு காந்தாவில் தைக்கிறாள். சந்தித்தது, முடித்த வீடு, பிரிந்த இரவு எல்லாம் அதில் வருகிறது. தன் கப்ரின் மேல் அதை விரிக்கச் சொல்லிவிட்டு மௌத்தாகிறாள். பிறகு ஒருநாள் அந்தக் கப்ரின் அருகே, அதே காந்தாவைப் போர்த்தியபடி ஒருவனின் ஜனாஸா கிடக்கிறது. (கப்ரில் துணி விரிக்கலாமா என்ற சர்ச்சையைக் கீழே தொடங்க வேண்டாம். கதை கதைதான்.) பெயரில்லாத அத்தனை காந்தாக்களுக்கும் சேர்த்து அந்தக் கவிஞர் பெயர் கொடுத்தார் என்று நினைக்கிறேன்.

1947 பிரிவினை, 1971 போர் என்று அந்த மண் பட்ட பாடு தெரியும். போருக்குப் பிறகு, கணவனையும் வருமானத்தையும் இழந்த பெண்களுக்குக் கையில் மிஞ்சிய தொழில் இந்த ஊசிதான். பிராக் நிறுவனம் 1978இல் தொடங்கிய ஆரோங் கடைகள் வழியாகக் காந்தா சந்தைக்கு வந்தது. ஜமால்பூர், ஜெஸ்ஸோர் பெண்கள் இன்றும் அதில் உழைக்கிறார்கள். சிலர் இதைக் ‘கலையை விற்றுவிட்டார்கள்’ என்று எழுதுகிறார்கள். வயிற்றுப் பசி தெரியாதவர்களின் பேச்சு அது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. புதுத் துணி, கடை நூல், வேறொருவர் வரைந்த படம். தைப்பவளின் வீடு அதில் இல்லை. அது பிழையல்ல, அது வேறு பொருள்.

நம் பக்கம் வருவோம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களில் எத்தனை பேரிடம் அந்த வீட்டுத் துணி ஒன்று இருக்கிறது? 2004 டிசம்பர் 26 காலையில் கல்முனை, மருதமுனைக் கரையில் கடல் அள்ளிக்கொண்டு போன அலுமாரிகள் எத்தனை? அவர்களுக்குப் பிரிக்க ஒரு குவியலும் இருக்கவில்லை. இருப்பவர்கள்தான் எரிக்கிறோம்.

செய்ய நினைப்பவர்களுக்கு: பருத்தியை மட்டும் எடுங்கள், நைலோன் வழுக்கும். இரண்டு தரம் துவைத்துக் காயவைத்த பிறகு வெட்டுங்கள். வாப்பாவின் சாரம், உம்மாவின் பிடவை, தம்பியின் பாடசாலைச் சட்டை எது இருந்தாலும் சரி, தையல் கோணினாலும் சரி. பின்பக்கத்தில் எந்தத் துண்டு யாருடையது, எந்த வருடம், தைத்தது யார் என்று நூலால் எழுதுங்கள். நூலால் முடியாவிட்டால் அழியாத பேனையால்.

ஒரு கேள்வி. துண்டு துண்டாக ஒட்டுப்போட்டுத் தைத்த விரிப்புக்கு உங்கள் ஊரில் உம்மும்மாமார் என்ன பெயர் சொன்னார்கள்? ஊர்ப் பெயரோடு கொமண்டில் எழுதுங்கள். எழுதி வைத்துக்கொள்கிறேன்.